லீபோவிட்ஸ் கேள்வித்தாளில் போன மாதம் 38, நேற்று 71. எதை நம்புவது?

கதவோரம்:
சமூகப் பதற்றத்தை அளக்கும் லீபோவிட்ஸ் கேள்வித்தாளை இரண்டு தடவை நிரப்பிவிட்டேன். அதே ஆள், அதே 24 கேள்விகள், மதிப்பெண் மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. முதல் தடவை நிரப்பியபோது விடுப்பில் இருந்தேன். ஒரு வாரம் அறையை விட்டு அசையவில்லை. 'மற்றவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைவது' என்ற கேள்விக்குப் பயம் 0 என்று போட்டேன். நுழையவே இல்லை, பயம் எங்கிருந்து வரும்?

நேற்று அதே கேள்விக்கு 3. காலையில் ஒரு கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் தாமதம். கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், திரும்பிப் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு 'வயிறு சரியில்லை' என்று செய்தி அனுப்பினேன்.

அடுத்த வாரம் மனநல மருத்துவரைப் பார்க்கிறேன். எந்தத் தாளைக் கொண்டுபோவது?

மூன்றாம்வரிசை:
38 உங்களுடைய மதிப்பெண் இல்லை, உங்கள் விடுப்பின் மதிப்பெண்.

அந்தத் தாள் கேட்பது கடந்த ஒரு வாரத்தை. அந்த வாரத்தில் ஒரு சூழல் வரவே இல்லையென்றால், வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து போட வேண்டும். குறிப்பிலேயே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை (நானும்தான்). அப்புறம், பயத்துக்கு ஒரு பத்தி, தவிர்ப்புக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக வைத்திருப்பதே உங்களையும் என்னையும் போன்றவர்களுக்காகத்தான். ஒதுங்கி ஒதுங்கியே பயம் தெரியாமல் வாழ்ந்துவிடுகிறோம். இரண்டுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 144.

30-ஐத் தொட்டாலே சமூகப் பதற்றக் கோளாறு இருக்கலாம், 60-க்கு மேல் என்றால் அது பல சூழல்களுக்கும் பரவியிருக்கலாம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் 38-கூட அந்த முதல் கோட்டைத் தாண்டியதுதான்.

ஈரக்கை:
எனக்கு லீபோவிட்ஸ் ஒத்துவரவில்லை. என் பிரச்சினை உடம்பில். யாராவது கை நீட்டினால் என் உள்ளங்கை நனைந்துவிடும், சட்டையில் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவேன். அதை அந்தத் தாள் கேட்பதே இல்லை. ஸ்பின் என்று இன்னொன்று இருக்கிறது, 2000-இல் வந்தது. வியர்வை, நடுக்கம், முகம் சிவப்பது, படபடப்பு எல்லாம் கேட்கும். 17 கேள்விகள்தான், மொத்தம் 68, எல்லைக்கோடு 19. அதையும் நிரப்பிப் பாருங்கள்.

மூன்றாம்வரிசை:
ஈரக்கை சொல்வது சரி. இன்னொன்று: 1987-இல் லீபோவிட்ஸ் இதை வெளியிட்டபோது மருத்துவர் கேட்டுக் கேட்டு நிரப்பும் தாளாகத்தான் இருந்தது, நாமே நிரப்புவது பின்னால் வந்த வழக்கம். அதனால் இரண்டு தாளையும் கொண்டுபோய், அந்த மாடிப்படிக் கதையையும் சொல்லுங்கள். எண்ணை மட்டும் நீட்டினால் அவருக்குப் பாதிதான் தெரியும்.

கதவோரம்:
விடுப்பு வாரத்தைக் கற்பனையோடு மறுபடி நிரப்பினேன். 66 வந்தது. நன்றி.

ஒரு சந்தேகம். 'அதிகம் பழக்கமில்லாதவருக்குத் தொலைபேசியில் அழைப்பது' என்று ஒரு கேள்வி இருக்கிறதே. கிளினிக்குக்கு போன் பண்ணப் பயந்து ஆன்லைனில்தான் நேரம் வாங்கினேன். அதுவும் தவிர்ப்புக் கணக்கில் வருமா?

ஈரக்கை:
வரும். நானும் அப்படித்தான் வாங்கினேன்.