மறு: தென்வானத்து விண்மீன் குழு 'மென்சா'வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

'பீடமலை' என்று எழுதிய ஐயாவுக்கு: சொல் அழகுதான். ஆனால் 'ஆரா' என்ற விண்மீன் குழுவை ஏற்கெனவே பீடம் என்கிறோம். அதுவும் தென்வானத்துக் குழு. இரண்டும் குழம்பும். வெறும் 'மேசை' போதும் என்ற தம்பியின் யோசனைக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மென்சாவுக்குப் புராணம் கிடையாது. பிறந்த இடம் மட்டும் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1751இல் கேப் டவுனுக்கு வந்து ஏறத்தாழ 10,000 விண்மீன்களை அளந்தார். 14 புதுக் குழுக்களை வகுத்தார். மற்றதெல்லாம் நுண்ணோக்கி, கடிகாரம், உலை, காற்றுப் பம்பு என்று கருவியும் பட்டறைச் சாமானும்தான். ஒன்றுக்கு மட்டும், தான் வேலை செய்த ஊரின் மலைப் பெயரை வைத்தார்: லத்தீனில் 'மோன்ஸ் மென்சே', அதாவது மேசை மலை. பின்னாளில் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் சொல்லி அது 'மென்சா' என்று சுருங்கியபோது மலை உதிர்ந்து மேசை மிஞ்சியது. தமிழிலாவது மலையைத் திருப்பி வைப்போமே: 'மேசைமலை'.

மேசை தமிழ்ச்சொல் இல்லையே என்று யாராவது கேட்பீர்கள். அது போர்ச்சுக்கீசிய 'மேசா' வழியாக வந்தது, அதன் மூலம் லத்தீன் 'மென்சா'. வீட்டுக்குள் வந்துவிட்ட விருந்தாளியை வாசலில் நிறுத்தி விசாரிப்பானேன்?

கோடையில் தென்கிழக்குக் காற்று வீசும்போது அந்த மலையைப் பார்த்திருக்கிறீர்களா? உச்சியில் வெண்மேகம் விரிந்து ஓரத்தில் வழியும். மேசைவிரிப்பு என்பார்கள். மேலேயும் அதே கதைதான். பெரிய மெகல்லன் மேகம் என்ற, மேகம்போல் தெரியும் அண்டை விண்மீன் மண்டலத்தில் ஒரு பகுதி இந்தக் குழுவின் எல்லைக்குள் கிடக்கிறது. மலையை எடுத்துவிட்டால் மேகத்துக்கு என்ன வேலை?

டர்பனில் என் சனிக்கிழமை வகுப்பில் 'மேசைமலை' என்றதும் ஒரு சிறுமி, "கேப் டவுன்ல இருக்கிறதுதானே டீச்சர்?" என்றாள். எனக்கு அது போதும்.

டர்பனிலிருந்து

- - -

அக்கா,

சரி, மேசையை விட்டேன். மேசைமலைக்கே என் வாக்கு. கன்னியாகுமரியில்கூட இந்தக் குழு அடிவானத்தை விட்டு அதிகம் எழாது. அதனால் பழைய பெயர் எதுவும் குறுக்கே நிற்கப்போவதில்லை, தெற்கே இருக்கிற நீங்கள் வைப்பதுதான் பெயர். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஒரு குழுவின் விண்மீன்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்திட்டுப் பெயர் சொல்கிறோமே, அந்தப் பட்டியலில் 'ஆல்ஃபா மேசைமலை' என்றால் மலைக்கே ஆல்ஃபா பட்டம் கட்டியது போல இருக்கிறது. 'மேசைமலை ஆல்ஃபா' என்று போடலாமா? அப்படியானால் மற்ற 87 குழுக்களுக்கும் அதே வரிசையில் மாற்ற வேண்டிவரும். யார் தட்டச்சு செய்வது?