தெஹிவளை டெமோ, மூன்றாம் பாட்டு: கேட்டவர்களும் பார்த்தவர்களும் எழுதுங்கள்

நாடாச்சுருள்

எந்த டெமோ என்று இந்த இணைய இழையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை: தெஹிவளையில் ஒரு கராஜில் பிள்ளைகள் சிலர் பதிந்த முன்னோட்டக் கசெட். கறுப்பு அட்டை, நான்கு பாட்டு, கால்மணி நேரத்துக்கும் குறைவு. இலங்கை மெட்டல் அணி ஸ்டிக்மாட்டாவின் முதல் ஆல்பம் 2003இல்தான் வந்தது. அதற்கு முன்பே இவர்கள் கொழும்பில் டெத் மெட்டல், அதாவது உறுமும் குரலும் கடும் வேகமும் கொண்ட ராக் இசை, வாசித்து, பதிந்து, கசெட்டாகக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

டெத் அணியின் பாடகர் சக் ஷுல்டினர் 2001 டிசம்பர் 13ஆம் திகதி இறந்தார். வயது 34. இந்த இசைக்கே உருக்கொடுத்தவர்களில் ஒருவர். எனக்கு அது சில நாட்கள் கழித்து, காலி வீதியில் ஓர் இணைய நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. அன்றிரவு வகுப்புத் தோழன் ஒருவன் வாசலுக்கு வந்து இந்தக் கசெட்டைத் தந்துவிட்டுப் போனான்.

மூன்றாம் பாட்டுக்கு வருகிறேன். டிரம்ஸ் பிளாஸ்ட் பீட்டில், அந்த இடைவிடாத அதிவேக அடியில், போய்க்கொண்டிருக்கிறது. குரல் திடீரென்று மேலே எகிறுகிறது, கீச்சென்று ஒரு முனைக்குப் போய் நின்றுவிடுகிறது. வெறுமை. பிறகு நான்காம் பாட்டு. நாடா சிக்கிவிட்டது என்று பிளேயரைத் திறந்தேன். நாடா ஒழுங்காகத்தான் இருந்தது. பின்னோட்டிக் கேட்டேன், அதே இடம், அதே கீச்சு. அதுவரை நான் கேட்ட டெத் மெட்டல் குரல்கள் எல்லாம் நிலத்துக்குக் கீழேயிருந்து வருபவை. இது மேலே போனது. ஷுல்டினரின் குரலும் பிந்திய ஆல்பங்களில் உயர்ந்துகொண்டே போனதை அறிந்தவர்களுக்கு அன்றிரவு எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். அந்தப் பாடகர் தன் தொண்டையையே கொடுத்துப் பதிந்த ஒலி அது. இன்றும் என் மனத்தை விட்டு அது போகவில்லை.

கொட்டாஞ்சேனை 13

என் கசெட் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டது. கொம்பனித்தெருப் பக்கம். பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். என் பையில் வாக்மன், அதற்குள் இந்தக் கசெட். பெயர் இல்லை, எழுத்து இல்லை, வெறும் கறுப்பு. அந்த நாட்களில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு இப்படி ஒன்று பையில் கிடந்தால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

சிப்பாய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இயக்கினார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். முகம் சுருங்கியது. இது என்ன பாஷை என்று சிங்களத்தில் கேட்டார். ஆங்கிலம் என்றேன். நம்பவில்லை. பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு ஹெட்போனின் மற்றப் பக்கத்தை அவர் காதில் வைத்தார். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்து நின்று கேட்கிறார்கள். பஸ்ஸில் எல்லோரும் ஏறியாகிவிட்டது, கண்டக்டர் கத்துகிறார். அப்போது அந்த இரண்டாமவரின் விரல்கள் துப்பாக்கியின் கட்டையில் தாளம் போடத் தொடங்கின. எனக்கு அது எந்த இடம் என்று உடனே தெரிந்துவிட்டது: இரண்டாம் பாட்டில் வேகம் பாதியாகக் குறையும் இடம். முதல் தடவை கேட்பவர் எவரும் அந்தத் திருப்பத்தில் தவறுவார். அவர் தவறவில்லை.

கசெட்டை வெளியே எடுத்து, பக்கம் திருப்பித் திரும்பவும் உள்ளே போட்டு, "போ" என்று தந்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அவர் அந்த டெமோவை முன்பே கேட்டவரா? கேட்டவர் என்றால் யாரிடம் வாங்கினார்? எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லிவிட்டேன், ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

கராஜுக்கு அடுத்த வீடு

எனக்கு இந்த இசை பிடிக்காது. பதிவு நடந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அதனால் எழுதுகிறேன். நாடாச்சுருள் தம்பி, அது தொண்டையும் இல்லை ஒன்றும் இல்லை. மின்வெட்டு.

2001இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, நேரம் போட்டு மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளும் நேர அட்டவணையைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள். அன்று மின்சாரம் அதற்கு முன்பே போய்விட்டது. கராஜ் ஜன்னல்களுக்கு மெத்தை சாத்தியிருந்தார்கள். அதில் ஒன்று எங்கள் அம்மம்மாவுடையது, வந்து கேட்டு வாங்கிப் போனது.

வெளிச்சம் போனது, கிட்டார் நின்றது. டிரம்ஸ் நிற்கவில்லை. அந்தப் பாடகர் மைக் இல்லாமலே தொடர்ந்து கத்தினார். என்ன நடந்துவிட்டதோ என்று லாம்பைக் கொளுத்திக்கொண்டு மதிலருகே போனேன். கராஜ் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. என் லாம்பின் வெளிச்சத்தில் கிட்டார் வாசித்தவரின் கை தெரிந்தது. ஒலியே வராத கிட்டாரில் அந்தக் கை முன்பிருந்த அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டை முழுதாக முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள்.

கசெட்டை நீங்கள் எத்தனை தரமும் கேட்டிருக்கலாம். அந்தப் பாட்டின் முடிவைக் கேட்டது கராஜுக்குள் நின்றவர்களும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற நானும் மட்டும்தான். பிடிக்காத ஒன்று இத்தனை வருடம் காதில் நிற்குமா? நிற்கிறது.

ரெக்கோடிங் பார்

அக்கா சொல்வதுதான் உண்மை. கசெட்டே அதற்குச் சாட்சி சொல்கிறது.

நாடாச்சுருள், "குரல் மேலே போகிறது" என்கிறீர்கள். குரல் மட்டுமா போகிறது? நல்ல ஹெட்போனில் சிம்பலை, டிரம்ஸோடு இருக்கும் அந்த உலோகத் தட்டை, கவனியுங்கள். சிம்பலும் கூடவே ஏறுகிறது. பாடகர் தொண்டையைக் கிழித்துக்கொண்டால் சிம்பலின் சுருதி ஏன் ஏற வேண்டும்?

அவர்கள் பதிந்தது நான்கு தடக் கசெட் பெட்டியில், ஒரே நாடாவில் நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் பெட்டி. 1979இல் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ என்று கொண்டுவந்தார்களே, அந்த வகை. சாதாரணமாக ஒரு கசெட் நொடிக்கு 4.76 சென்ரிமீட்டர் ஓடும். இந்தப் பெட்டிகளில் பல அதன் இரு மடங்கு வேகத்தில் ஓட்டும். இரண்டு பக்கத்துக்குரிய தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்திவிடும். ஆகவே 60 நிமிடக் கசெட் ஒன்றில் 15 நிமிடந்தான் பதியலாம். டெமோ ஏன் கால்மணிக்குள் அடங்கியது என்று இங்கே ஓயாமல் வாதம் நடக்கிறது. கொள்கையும் இல்லை, வேகத்தின் மீதுள்ள வெறியும் இல்லை. நாடா முடிந்துவிட்டது.

மின்சாரம் போனால் மோட்டார் அதே கணத்தில் நிற்காது. உள்ளே இருக்கும் கனத்த சக்கரம் இன்னும் சுற்றும். கெபாசிட்டர்களில் மிஞ்சிய மின்சாரத்தில் பதிவுத் தலையும் ஒரு கணம் பதிந்துகொண்டிருக்கும். மெதுவாகிக்கொண்டே போகும் நாடாவில் பதிந்ததைப் பிறகு சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். கேட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால்தான் இறங்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "மின்வெட்டென்றால் குரல் இறங்கியிருக்க வேண்டுமே" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

என் கதை சிறியது. வெள்ளவத்தையில் ஒரு ரெக்கோடிங் பாரில், கசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில், வேலை பார்த்தேன். பேஸ் கிட்டார் வாசித்தவர் மாஸ்டரை, அந்த மூலப் பதிவை, பிரதி எடுக்கக் கொண்டுவந்தார். கடைக்குள் ஒரு அம்மா முருகன் பாட்டுகள் பதியக் காத்திருந்தார். மூன்றாம் பாட்டு கீச்சிட்டதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார். "தம்பி, இந்த இடத்துக்கு முன்னால் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முடித்துவிடட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணன். பெட்டி இரவல். நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இன்னொரு தரம் வாசிக்க வழியில்லை. நாங்கள் நிறுத்தவில்லை என்று கேட்பவர்களுக்குத் தெரிய வேண்டும்" என்றார். அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. அக்காவின் பதிவை வாசித்த பிறகுதான் விளங்குகிறது.

கடற்காற்று

என்னிடம் இருக்கும் பிரதியைப் போன வருடம் வெளியே எடுத்தேன். கசெட்டின் சிறு ஜன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுற்றின் விளிம்பெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இங்கே கசெட்டை அலுமாரியில் வைத்துக்கொண்டு பெருமையோடு எழுதுகிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதைக் கேளுங்கள்.

கடலுக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட வீடுகளில் எந்தக் கசெட்டும் தானாகத் தப்பாது. ஈரம் போதும். பூஞ்சணம் கண்டால் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் நாடா அறுந்துவிடும், தூளும் பிளேயரின் தலையில் அப்பிக்கொண்டு அடுத்து போடும் கசெட்டுக்குப் போகும். முதலில் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் சில நாட்கள் வைத்து உலர விடுங்கள். கூடு திருகாணி போட்டதென்றால் கழற்றி, நாடாவை நல்ல கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டிச் செய்த கூடென்றால் கத்தியால் பிளக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்காதீர்கள். பூஞ்சணத்தைத் துடைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு தரம் முன்னோட்டி, ஒரு தரம் பின்னோட்டுங்கள். பிளேயரின் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹோலால் துடையுங்கள். தலையின் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகாணியை, சிம்பல் மிகத் தெளிவாகக் கேட்கும்வரை மெல்லத் திருப்புங்கள். பெரும்பாலானோர் இதைச் செய்வதே இல்லை, செய்யாமல் "டெமோ மங்கலாக இருக்கிறது" என்று எழுதுகிறார்கள். கணினிக்கு மாற்றும்போது 24 பிட்டில், சுருக்காத கோப்பாக எடுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் பக்கமே போகாதீர்கள். கசெட்டின் மேல் விளிம்பிலுள்ள சிறு தகடுகளை உடைத்துவிடுங்கள், அதன்மேல் வேறு எதுவும் பதிய முடியாமல் போகும். கசெட்டுகளை நிமிர்த்தி வையுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், காந்தம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை 13, உங்கள் பிரதி வாக்மனிலேயே பல வருடம் கிடந்ததென்று முன்பு எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பிளாஸ்ட்பீட் 06

நான் 2022இல்தான் கேட்டேன். நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாத மார்ச் கடைசி. எங்கள் அணியும் அப்போது முதல் டெமோவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒழுங்கை முழுவதும் இருட்டு, தொலைபேசியில் மின்னேற்றம் தீரப்போகிறது. யாரோ அனுப்பிய கோப்பைப் போட்டேன். மூன்றாம் பாட்டு அழகாக ஒலி மங்கி முடிந்தது.

கீச்சே இல்லை! அதைத் துடைத்துவிட்டு, முந்திய பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவைத்து யாரோ ஏற்றியிருக்கிறார்கள். ரெக்கோடிங் பார் அண்ணன் கேட்டு, அந்த பேஸ் வாசித்தவர் வேண்டாம் என்று மறுத்த அதே வேலை. இந்த இழையை வாசிக்கும்வரை எனக்கு அது தெரியாது. கோபத்தில் கை நடுங்குகிறது. என் வயதுக்காரர்கள் எல்லோரும் அந்தக் கோப்பைத்தான் கேட்டிருக்கிறோம்.

இன்னொன்று. கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் எச்எம்-2 பெடலை முழுக்கத் திருப்பி வைத்து, சுவீடன் டெத் மெட்டல் அணிகள் பதிந்த ஸ்டாக்ஹோம் சன்லைட் ஸ்டுடியோவின் ஒலியை எடுத்தார்கள் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். அந்தப் பெடல் தயாரிப்பு 1991இலேயே நின்றுவிட்டது. 2001இல் கொழும்பில் இரவல் பெட்டியில் பதிந்த பிள்ளைகளிடம் அது எப்படி வந்தது?

அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பாட்டு எப்படி முடிந்தது?

ரெக்கோடிங் பார்

தம்பி, பழைய பெடல் கைமாறி வராதா? வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் அந்தக் காலத்தில் கொண்டுவராத சாமான் உண்டா? ஒலியை வைத்துப் பேசுங்கள். நடுத்தர அலைவரிசையில் அந்த ரம்ப இரைச்சல் இருக்கிறது, அது எச்எம்-2தான். ஆண்டை வைத்து மறுக்க முடியாது.

நாடாச்சுருள்

சிம்பலைக் கேட்டேன். ஏறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மின்சாரம் போவதற்கு முன்பே அந்தக் குரல் ஏறத் தொடங்கிவிட்டது என்றுதான் சொல்வேன். சிம்பல் ஏறுவதற்கு முந்திய ஒரு வரியைக் கேளுங்கள். அது பெட்டி செய்த வேலை இல்லை, அவர் செய்தது. அக்கா, பிளாஸ்ட்பீட் கேட்டதை நானும் கேட்கிறேன்.

கராஜுக்கு அடுத்த வீடு

உங்கள் சொற்கள் எனக்குத் தெரியாது, கேட்டதை எழுதுகிறேன். இருட்டான பிறகும் கொஞ்ச நேரம் அதே வேகம். பிறகு பாதியாகக் குறைந்தது. டிரம்ஸ் வாசித்தவர் கையை நிறுத்திவிட்டு, காலால் பெரிய டிரம்மை மட்டும் அடித்தார். பாடகர் இரண்டு வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாடாச்சுருள் தம்பி, அங்கே குரல் ஏறவில்லை, ஒவ்வொரு தரமும் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் யாரோ எண்ணினார், எல்லோரும் சேர்ந்து ஒரு அடி, முடிந்தது.

எழுத்தில் இதற்கு மேல் வராது. பிளாஸ்ட்பீட் தம்பி, உங்கள் அணியில் டிரம்ஸ் வாசிப்பவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேசையில் தட்டிக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன்.