டிரெஸ்டனுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை புல்ஸ்னிட்ஸுக்குப் போய் வாருங்கள்

வேலைக்காகவோ படிப்பிற்காகவோ ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் குடியேறியவர்கள், விடுமுறை கிடைத்ததும் பெர்லினுக்கோ பிராகாவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன், காமென்ஸ் செல்லும் வட்டார ரயிலில் ஏறி, வழியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் இறங்குமாறு நான் பரிந்துரைப்பேன். டாய்ச்லான்ட் டிக்கெட் என்னும் மாதப் பயணச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு 1682-இல் பிறந்தது இவ்வூரில்தான். தரங்கம்பாடியில் அவர் கல்லறையைப் பார்த்தவர்களுக்கு, அவர் புறப்பட்ட ஊரின் தெருக்களில் நடப்பது விந்தையான அனுபவமாக இருக்கும். நிக்கோலாய் தேவாலயத்தையும் பாருங்கள். வழிபாட்டு நேரம் தவிர மற்ற வேளைகளில் கதவு பூட்டியிருக்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. சந்தைச் சதுக்கத்தில் சிலையாக நிற்பவர் சிற்பி ரீட்ஷெல். வைமார் நகரில் கவிஞர்கள் கோதேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் புகழ்பெற்ற சிலையை வடித்த அவரும் இவ்வூர்க்காரரே.

ஆனால் ஜெர்மானியர்கள் இங்கு வருவது பெரும்பாலும் ஃபெஃபர்கூஹன் என்னும் மசாலா கேக்குக்காக. பெயரில் மிளகு இருந்தாலும் பண்டத்தில் மிளகைத் தேட வேண்டாம். கடல் கடந்து வந்த நறுமணப் பொருள்கள் எல்லாவற்றையும் அக்காலத்தில் பொதுவாக மிளகு என்றே அழைத்தார்கள். இலவங்கப்பட்டை, கிராம்பு, ஏலக்காய் ஆகியவற்றின் மணம் கடை வாசலிலேயே நம் வீட்டுச் சமையலறையை நினைவூட்டும். 1558-இல் இவ்வூர் ரொட்டிக்காரர்களுக்கு இதைச் சுடும் உரிமை கிடைத்தது. மாவைத் தேனுடனோ பாகுடனோ பிசைந்து, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவிட்டு, சுடுவதற்குச் சற்று முன்புதான் மசாலா சேர்க்கிறார்கள். அந்த மூல மாவில் முட்டையோ கொழுப்போ இல்லை. ஆயினும் ஜாம் அடைத்துச் சாக்லேட்டில் தோய்த்த 'ஸ்பிட்ஸன்' வகையை வாங்கும் சைவ உணவுக்காரர்கள், உறையில் ஜெலட்டின் குறிப்பு உள்ளதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். இதை 'லேப்கூஹன்' என்று சொல்லிவிடாதீர்கள். அது நியூரன்பெர்க் பெயர், இங்கு உடனே திருத்துவார்கள்.

நேரம் இருந்தால் அவுரி நீலத்தில் துணி அச்சிடும் பட்டறையையும் பாருங்கள். சாயம் ஒட்டாமலிருக்க ஒரு பசையை அச்சுக் கட்டையால் துணியில் பதித்துச் சாயத்தில் முக்குவார்கள். பசை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். இக்கலை 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையும் நண்பகலோடு அடைத்துவிடும் கடைகள் உண்டு. ஆகவே காலையிலேயே சென்றுவிடுங்கள். அட்டையை ஏற்காத சிறு கடைகளுக்காகக் கையில் கொஞ்சம் ரொக்கமும், ஆங்கிலம் பேசத் தயங்கும் முதியவர்களுக்காகப் பத்துப் பன்னிரண்டு ஜெர்மன் சொற்களும் வைத்திருங்கள். திரும்பும் ரயிலின் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நடைமேடையில் நெடுநேரம் குளிரில் நிற்க நேரிடும்.