குளிசை கிடைக்காமல் போனால் பெடியன் நிற்பானா?

பரந்தன்_சித்தி:
அக்காவின் மகனுக்கு 17 வயது. நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரிகாபலின் குளிசையைப் போதைக்காகப் போட்டுப் பழகி, இப்போது ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போய்வருகிறான். பாமசியில் டொக்டரின் துண்டு இல்லாமல் கொடுக்காவிட்டால் தானாக விட்டுவிடுவான் என்கிறார் அத்தான். அக்காவுக்கோ, அது கிடைக்காவிட்டால் ஐஸ் போதைப்பொருள் பக்கம் போய்விடுவானோ என்று பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வவுனியா_நேர்ஸ்:
தங்கச்சி, அதைத் திடீரென்று நிற்பாட்டக்கூடாது. நித்திரை போகும், வியர்த்துக் கொட்டும், பதட்டம் பிடிக்கும், சிலருக்கு வலிப்பே வரும். டொக்டர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எவ்வளவு போட்டான் என்பதை அவன் பயப்படாமல் சொல்லட்டும், அத்தானைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கோ.

மல்லாவியான்:
இங்கிலாந்தில் 2010 ஏப்ரலில் மெபெட்ரோன் என்ற போதைப்பொருளைத் தடைசெய்தார்கள். இணையக் கடைகள் மூடின, விலை ஏறியது, ஆனாலும் பாவித்தவர்களில் பலர் தெரு வியாபாரியிடம் வாங்கத் தொடங்கினார்கள், அவனிடம் வேறு சாமானும் இருக்கும் அல்லவா. இங்கேயும் 2022 போதைப்பொருள் திருத்தச் சட்டப்படி 5 கிராம் ஐஸுக்கே மரண தண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கலாம், அப்படியிருந்தும் வன்னிக்குள் அது வருகிறதுதானே. புதிதாகத் தொடங்குகிறவனுக்குத் தடை ஒரு மறிப்பாக இருக்கலாம், ஏற்கெனவே பழகினவனுக்கு கிளினிக்கும் வேண்டும். அக்காவின் பயம் நியாயமானது.

பரந்தன்_சித்தி:
நன்றி அக்கா, அண்ணை. போன கிழமை ரியூஷன் வாசலில் பழைய கூட்டாளி ஒருவன் மோட்டார் சைக்கிளில் காத்து நின்றானாம். அதையும் டொக்டரிடம் சொல்லலாமா?

வவுனியா_நேர்ஸ்:
கட்டாயம் சொல்லுங்கோ. அடுத்த கிளினிக் வரைக்கும் ரியூஷனுக்கு யாராவது கூடப் போய்வாருங்கோ.