பழைய டார்கெட் பிஸ்டல்: பிடி உங்கள் கையில் எப்படி உட்கார்ந்தது?

ஆரே_கரை
ஹெம்மெர்லி ஃப்ரீ பிஸ்டல் (50 மீட்டர் போட்டிக்கான, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் சுவிஸ் பிஸ்டல்) வைத்திருப்பவர்களுக்கு அந்த வால்நட் பிடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கையுறை மாதிரி சுற்றி வரும். என்னுடையது 100 வரிசை, லென்ஸ்பூர்க்கில் செய்தது. சுவிஸ் குடியுரிமை கிடைத்த பிறகு அனுமதிப் பத்திரம் எடுத்து, எங்கள் ரேஞ்சில் நாற்பது வருடம் சுட்ட ஒரு பெரியவரிடம் வாங்கினேன். கண் மங்கிவிட்டதால் கொடுத்தார். அவருக்குப் பெரிய கை. எனக்கு உள்ளங்கைப் பக்கம் மரம் தடித்து மேடாக நின்றது, விரல் டிரிகரை நுனியில்தான் தொட்டது. எட்ட வேண்டும் என்று கையைத் திருப்பிப் பிடித்தால் பத்தாவது குண்டுக்குள் மணிக்கட்டு நடுங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரம் எடுத்து அந்த மேட்டை ராவிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். கொஞ்சம் கொடு என்றார். ராவின இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தடவினார். பிறகு கையை உள்ளே நுழைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருடம் ஆகிறது, அந்தக் கட்டைவிரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கரிமருந்து
உங்களுக்காவது ராவ மரம் இருந்தது. நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். 1997 சட்டத்துக்குப் பிறகு இங்கே தோட்டா போடும் கைத்துப்பாக்கி அநேகமாக யாருக்கும் கிடையாது. குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய வகை மட்டும் லைசென்ஸில் வைத்துக்கொள்ளலாம். அதனால் என்னிடம் இருப்பது லெபாஜ் என்ற பழைய பிரெஞ்சுத் தயாரிப்பின் மாதிரியில் செய்த பெர்க்கஷன் பிஸ்டல், அதாவது சின்ன வெடி கேப்பை அடித்து மருந்தைப் பற்றவைக்கும் வகை. பிடி கிளி மூக்கு மாதிரி வளைந்து, கீழே போகப் போக விரியும்.

எங்கள் போட்டி 25 மீட்டர், 30 நிமிடம், 13 குண்டு, அதில் நல்ல பத்து கணக்கு. ஒவ்வொரு குண்டுக்கும் பிஸ்டலைக் கீழே வைத்து, மருந்து கொட்டி, குண்டைத் தள்ளி, கேப் மாட்டி, திரும்ப எடுக்க வேண்டும். அதாவது பதின்மூன்று தடவை புதிதாகப் பிடிக்க வேண்டும். முதல் போட்டியில் ஏழு குண்டு வரை எல்லாம் இலக்கின் கருப்பு வட்டத்துக்குள். எட்டாவதுக்கு முன் விரலில் கொழுப்பும் கரியும் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பிடி உள்ளங்கைக்குள் ஒரு நெல் அளவு வழுக்கியது, அதை உணர்ந்தேன், ஆனாலும் கையை இறக்காமல் சுட்டேன். இலக்கைக் கடிகாரமாக நினைத்தால் ஏழரை மணிப் பக்கம், நாலு புள்ளி வளையத்தில் பட்டது. இறக்கியிருக்க வேண்டும். இப்போது இடுப்பில் எப்போதும் ஒரு துணி தொங்கும்.

மரம்_காப்போம்
ஆரே_கரை, மன்னிக்கவும், நீங்கள் செய்தது தவறு. பழைய பிடியில் அரம் படவே கூடாது. கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிட்டு, உங்கள் கை அளவில் வேறு பிடி செதுக்கச் சொல்லியிருக்கலாம். நானும் ஒரு தடவை பழைய பிடிக்குப் புதிதாக வார்னிஷ் அடித்துக் கெடுத்திருக்கிறேன். அது என் கதை, அவ்வளவுதான்.

ஆனால் முதலில் பிடிக்கத் தெரிய வேண்டும். இடது கையால் குழலைப் பிடித்து, பிஸ்டலை வலது கைக்குள் பின்னோக்கி அழுத்தி உட்கார வையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கு பிடியின் மேல் வரைக்கும் ஏற வேண்டும், குழலும் முன்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். அழுத்தம் நடுவிரலிலும் மோதிர விரலிலும், நேராகப் பின்பக்கமாக. சுண்டுவிரல் சும்மா கூட இருக்கட்டும். கட்டைவிரல் அழுத்தினால் முன் சைட் (குழல் நுனியில் குறி பார்க்கும் முனை) பக்கவாட்டில் போகும். ஆள்காட்டி விரல் மரத்தில் படவே கூடாது, பட்டால் டிரிகர் இழுக்கும்போது மரத்தையும் சேர்த்துத் தள்ளும். எவ்வளவு இறுக்குவது? கை நடுங்கும் வரை இறுக்கி, நடுக்கம் நிற்கும் அளவுக்குத் தளர்த்துங்கள், அதுதான் அளவு. அப்புறம் கண்ணை மூடிக் கையைத் தூக்கித் திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட்டின் நடுவில் நின்றால் பிடி சரி. ஒரு பக்கம் ஒதுங்கினால் மணிக்கட்டை முறுக்காதீர்கள், கையை எடுத்துத் திரும்பப் பிடியுங்கள்.

கரிமருந்து
நீங்கள் சொல்வது ஃப்ரீ பிஸ்டலுக்குச் சரி. வளைந்த பிடியில் இடுக்கை அவ்வளவு மேலே ஏற்றினால் எனக்குச் சரிப்படவில்லை. அது தானாக எங்கே நிற்கிறதோ அங்கேயே விட்டு, தினமும் அதே இடத்தில் பிடிக்கப் பழகினேன்.

இடக்கை
எனக்கு இரண்டு பேர் சொல்வதும் உதவாது. நான் பார்த்த பழைய சுற்றுப்பிடி எல்லாம் வலது கைக்கே செதுக்கியது. ஒரு கண்காட்சியில் பழைய பிஸ்டலைக் கையில் கொடுத்தார்கள், கை உள்ளேயே போகவில்லை. கரோலி தகாச் நினைவு வந்தது. 1938-இல் கையெறி குண்டில் வலது கை போய், இடது கையால் பழகி, 1948-இலும் 1952-இலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அவருக்கு யார் பிடி செய்துகொடுத்தார்கள் என்று அன்றைக்கு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மலைக்கோட்டை
எங்கள் கிளப்பில் ஒரு பழைய ரஷ்ய டோஸ்-35 இருந்தது. 50 மீட்டர் பிஸ்டல் 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை என்பதால் யாரும் தொடுவதில்லை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள், கொடுத்தேன். சின்னக் கை. நான் ராவவில்லை. பிடிக்குள் இருந்த இடைவெளியில் களிமண் புட்டியை அப்பிப் பிடிக்கச் சொன்னேன், எங்கே அழுத்துகிறாள் என்று பார்ப்பதற்காக. கையை எடுத்தபோது விரல்களின் தடம் அப்படியே பதிந்திருந்தது. சுண்டுவிரல் தடம்தான் எல்லாவற்றிலும் ஆழம். இரண்டு மாதமாக அவள் குண்டு கீழே போனதற்குக் காரணம் அங்கே இருந்தது, நான் அவள் டிரிகரைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஆரே_கரை
மலைக்கோட்டை ஐயா, இந்தப் புட்டி யோசனை எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. மரம்_காப்போம் சொன்னதையும் மறுக்கவில்லை. ராவிய பள்ளத்தைப் புட்டியால் நிரப்பி அந்தப் பெரியவர் கைக்கு ஏற்றபடி ஆக்க முடியுமா என்று பார்க்கப் போகிறேன். அவருக்கு எண்பத்தொன்று. சனிக்கிழமை ரேஞ்சுக்கு வருவார், அவர் கையைத்தான் அச்சாக எடுக்க வேண்டும்.