பிளம்பராகத் தொடங்கிய ஜார்ஜ் மீனியை எவ்வாறு நினைவுகூர்வது?

கேள்வி (குழாயடி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழாய்ப் பணியாளர் சங்கத்தில், இத்தொழிலில் இருந்து எழுந்து வந்த ஒருவரைப் பற்றி அவர் மறைந்த நாளையொட்டிச் சிறிது நேரம் பேசுவது வழக்கம். சனவரிக் கூட்டத்திற்கு நான் பேச வேண்டும். 1980 சனவரி 10 அன்று மறைந்த அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் மீனியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவரைப் பற்றி எழுதும் எவரும் '(நியூயார்க் நகரின்) பிராங்ஸ் பகுதியின் பிளம்பர்' என்று ஒரு வரி எழுதிவிட்டு உடனே வெள்ளை மாளிகைக்குப் போய்விடுகிறார்கள். அவர் உண்மையிலேயே குழாய் வேலை செய்தவர்தானா, அந்த வேலை பின்னாளில் அவர் நடந்துகொண்ட விதத்தில் ஏதேனும் தடம் பதித்ததா என்பதே என் ஐயம். வெறும் புகழுரையாக இல்லாமல் பேச விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (நூலகவாசி):

ஐயமே வேண்டாம், கைத்தொழில் கற்ற பிளம்பர்தான். 1894 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கின் ஹார்லெமில், ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகளில் இரண்டாமவராகப் பிறந்தார். தந்தை மைக்கேல் மீனியும் பிளம்பர். பிராங்ஸில் தம் கிளைச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். மகன் பதினாறு வயதில் உயர்நிலைப் பள்ளியை விட்டு எடுபிடியாக வேலைக்குப் போய், ஐந்தாண்டு பயிற்சி முடித்து, பிளம்பர் சங்கத்தின் 463ஆம் எண் கிளையில் முழுத்தகுதி பெற்ற தொழிலாளியானார். இதற்கிடையே 1916இல் தந்தை இறந்துவிட, மறு ஆண்டு அண்ணனும் படையில் சேர்ந்துவிட, தாயையும் ஆறு இளையவர்களையும் காக்கும் பொறுப்பு இருபத்திரண்டு வயதுக்காரர் தலையில் விழுந்தது. குழாய் வேலைக் கூலி போதாமல் கூலிக்குப் பேஸ்பால் ஆடியும் குடும்பத்தைக் காத்தார்.

1920இல் கிளையின் செயற்குழுவுக்கும், 1922இல் முழுநேர வணிக முகவர் பொறுப்புக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்பதவியின் பெயரைக் கேட்டு வியாபாரம் என்று எண்ணிவிடக் கூடாது. வேலையிடம் வேலையிடமாகச் சென்று கூலியும் நேரமும் ஒப்பந்தப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பதும், முரண்பாடு எழுந்தால் ஒப்பந்ததாரரிடம் பேசித் தீர்ப்பதும் அதன் பணி. அதோடு அவர் குழாய்த் திருகியைக் கீழே வைத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அவருடைய போக்கை விளங்கிக்கொள்ள நான் முதலில் சுட்டுவது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்த ஒரு நிகழ்ச்சியைத்தான்.

1927இல் கட்டுமான முதலாளிகள் கதவடைப்புச் செய்து தொழிலாளர்களை வேலைக்கு விடாமல் தடுத்தபோது, நகரக் கட்டடத் தொழில்கள் பேரவையின் செயலாளராக இருந்த மீனி நீதிமன்றத்தை நாடித் தடையாணை பெற்றார். அக்காலத்தில் தடையாணை என்பது வேலைநிறுத்தத்தை முறிக்க முதலாளிகள் கையாண்ட ஆயுதம். தொழிலாளர்கள் அதன் பெயரையே வெறுத்தார்கள். அதே ஆயுதத்தைத் தம் பக்கம் திருப்பியதை மூத்த சங்கத் தலைவர்கள் பலர் விரும்பவில்லை, ஆனால் வழக்கில் வென்றது அவர்தான். 1934இல் நியூயார்க் மாநிலத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவரானதும் மாநிலத் தலைநகரான ஆல்பனியின் சட்டமன்றமே அவருக்கு வேலையிடமாயிற்று. முதல் ஆண்டிலேயே அவர் ஆதரித்த 72 மசோதாக்கள் சட்டமாயின. மற்ற பதவிகள் எல்லா இடத்திலும் கிடைக்கும்: 1952இல் வில்லியம் கிரீன் மறைந்ததும் ஏ.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர், 1955 டிசம்பரில் அதையும் அதன் போட்டிக் கூட்டமைப்பான சி.ஐ.ஓ.வையும் இணைத்து உருவான, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி உறுப்பினர் கொண்ட பேரமைப்பின் முதல் தலைவர். 1979 நவம்பர் வரை அதே நாற்காலி.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற பொருத்துநர்):

நூலகவாசி அவர்கள் தந்த செய்திகளுக்கு நன்றி. நான் வரலாறு படித்தவன் அல்லன்; முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழாய் பொருத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மீனி பயிற்சி பெற்ற காலத்தில் இன்றுள்ள பி.வி.சி. குழாயும் பசையும் கிடையா. கழிவுநீர்க்கு வார்ப்பிரும்புக் குழாய். ஒன்றின் வாய்க்குள் மற்றொன்றைச் செருகி, இடைவெளியில் சணலைத் திணித்து இறுக்கி, அதன்மேல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும். ஆறும்போது ஈயம் சுருங்கும்; ஆகவே உளி வைத்துச் சுற்றிலும் தட்டி மீண்டும் நெருக்க வேண்டும். ஈயக் குழாய்களை இணைப்பது இன்னும் கடினம். உருக்கிய பற்றாசை (சால்டர்) ஊற்றி, அது குழம்பாக இருக்கும் சில நொடிகளுக்குள் கொழுப்புத் தடவிய துணிப் பொதியால் வழித்து உருண்டையாக வடிவம் கொடுக்க வேண்டும். சூடு மிகுந்தால் வழிந்து போகும், குறைந்தால் பிடிக்காது. வார்ப்பிரும்பு ஈய இணைப்பை நானே இளமையில் செய்திருக்கிறேன், ஈயக் குழாய் வேலையை என் ஆசான் செய்யப் பார்த்ததோடு சரி. படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய வித்தை அல்ல அது. கை பழகினால்தான் வரும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தம் பிளம்பர் நாட்களில் மறியல் வரிசையில் நிற்கவே நேர்ந்ததில்லை என்று மீனி பின்னாளில் கூறியிருக்கிறார். முதலாளிகள் தங்களுக்கு மாற்றாக வேறு ஆட்களை வைக்க முயன்றதே இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். பலரும் இதைக் கோழைத்தனம் என்றோ முதலாளிகளோடு கொண்ட இணக்கம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாற்று ஆள் கிடைக்காத தொழிலில் கதவுக்கு வெளியே நின்று கத்த வேண்டிய தேவை என்ன? வாயிலில் நூறு பேர் வேலைக்குக் காத்திருக்கும் ஆலைத் தொழிலாளியின் நிலை வேறு. மீனி பேசித் தீர்ப்பதையே நம்பியதற்கு அந்த ஈயச் சட்டியே காரணம் என்பது என் கருத்து.

மறுமொழி 3 (எதிர்க்கரை):

பொருத்துநர் ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் இரண்டு திருத்தங்கள். முதலாவது, வேலைநிறுத்தமே அறியாதவர் என்று மேடையில் சொல்லிவிட வேண்டாம். 1935இல் அரசின் வேலையளிப்புத் திட்டம் கட்டடத் தொழிலாளர்களுக்குச் சங்கக் கூலியைவிடக் குறைவாகக் கொடுக்க முனைந்தபோது, நியூயார்க்கில் வேலைநிறுத்தத்தை நடத்திச் சங்கக் கூலியைப் பெற்றுத் தந்தவரும் இவரே.

இரண்டாவது இதைவிடக் கசப்பானது. மாற்று ஆள் கிடைக்காமற் போனது கைத்திறனால் மட்டும் அன்று. யார் கற்கலாம் என்பதைச் சங்கமே தீர்மானித்ததாலும்தான். தந்தை மகனையும், மாமன் மருமகனையும் கொண்டுவந்து சேர்க்கும் தொழிலாக அது இருந்தது. (நம் நாட்டிலும் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துப் பிளம்பர்கள் உறவினர் கைபிடித்தே ஊர் ஊராகப் பரவியிருக்கிறார்கள், அதில் தீங்கில்லை. ஆனால் அவர்கள் பிறரை உள்ளே விடாமல் தடுக்கும் அதிகாரம் பெற்றவர்கள் அல்லர்.) நியூயார்க்கில் அந்த அதிகாரம் இருந்தது, கறுப்பினத்தவர் ஏறக்குறைய முழுவதும் வெளியே நின்றார்கள்.

1964இல் பிராங்ஸ் சந்தைக் கட்டுமானத்தில் சங்கத்தில் இல்லாத கறுப்பினத்தவரையும் புவேர்த்தோ ரிக்கரையும் ஓர் ஒப்பந்ததாரர் வேலைக்கு வைத்தபோது, மீனியின் சொந்தக் கிளையினர் வேலையை விட்டு வெளியேறினார்கள். நாட்டின் தலைமைத் தொழிற்சங்கத் தலைவராக இருந்த அவர், சங்கத்தில் இல்லாதவரோடு சங்கத்தவர் வேலை செய்ய மாட்டார்கள் என்று கூறித் தம் ஆட்களின் பக்கமே நின்றார். சேர விரும்பியவனைச் சேர்க்காமல் வைத்துவிட்டு, சேராதவன் என்று அவனை ஒதுக்குவது எவ்வகை நியாயம்? அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1959 மாநாட்டில், கறுப்பினத் தொழிலாளர் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் இப்பாகுபாட்டைக் கேட்டபோது, கறுப்பினத்தவர் அனைவருக்கும் உம்மைக் காவலராக நியமித்தது யார் என்று சீறியவரும் இவர்தான்.

மறுமொழி 4 (நூலகவாசி):

எதிர்க்கரை அவர்கள் கூறியது சரி, மறுக்க மாட்டேன். அதனோடு இன்னொன்றையும் வைக்க வேண்டும். 1964 குடிமை உரிமைகள் சட்டத்தில் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடை செய்யும் பிரிவு இடம்பெற வேண்டும் என்றும், அது தொழிற்சங்கங்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் வலியுறுத்தியவர்களில் மீனி முக்கியமானவர். தம் கிளைகளைத் தம்மால் மட்டும் திருத்த இயலாது, சட்டத்தின் துணை வேண்டும் என்பதே அவருடைய வாதம். தம் தொழிலின் குற்றத்தை அறிந்தவர், சட்டம் வரட்டும் என்றார். சொந்தக் கிளை வாசலுக்கு அதே சிக்கல் வந்தபோது மைக்கேல் மீனியின் மகனாகிவிட்டார். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

குழாயடி:

அனைவருக்கும் நன்றி. பதவிகளை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, ஈய இணைப்பில் தொடங்கி பிராங்ஸ் சந்தையில் நிறுத்தலாம் என்று எண்ணுகிறேன். எங்கள் சங்கத்திலும் புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்குப் பழைய உறுப்பினர் இருவரின் பரிந்துரை வேண்டும் என்ற விதி உண்டு. அதைப் பற்றிக் கூட்டத்தில் யாரேனும் எழுந்து கேட்பார்கள், கேட்கட்டும்.