ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஆளுக்கொரு கேள்வி: இது நியாயமா?

மீனா_வேளச்சேரி

ஏழாவது படிக்கும் என் மகனும் எதிர்வீட்டுப் பெண்ணும் ஒரே பள்ளி. பள்ளியில் வாங்கச் சொன்ன ஒரே கணக்கு ஆப். பாடம் இருவருக்கும் பின்னங்கள்தான். அவளுக்கு வாக்கியக் கணக்கு வருகிறது. இவனிடம் இன்னும் "அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறது. தொடங்கிய புதிதில் காய்ச்சலோடு உட்கார்ந்து சில கேள்விகளுக்குத் தப்பாகத் தட்டினான். அதோடு இவன் இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிட்டது போலிருக்கிறது. புத்தகம் எந்தப் பிள்ளையையும் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. ஆளைப் பார்த்து மாறும் பாடம் நமக்குத் தேவையா?

ஓஎம்ஆர்_வாசி

மேடம், இந்த மாதிரி மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு (உங்கள் ஆப் எங்களுடையது இல்லை, தப்பித்தேன்). அதனால் நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன். உள்ளே பெரிய மாயம் ஒன்றுமில்லை. டென்மார்க் கணிதர் ஜார்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட கணக்கின் வாரிசுகள்தான் பலவும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கடின மதிப்பு, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு திறன் மதிப்பு. இரண்டையும் ஒப்பிட்டு, சரியான பதில் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும். பதில் வந்ததும் திறன் மதிப்பைத் திருத்திக்கொண்டு அடுத்த கேள்வியை எடுக்கும். எம்பிஏ சேர எழுதும் ஜிமேட் தேர்வில் 1997 முதல் கேள்வி ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை.

புத்தகம் ஆள் பார்க்காது, சரி. பின்தங்கிய பிள்ளையையும் அது பார்க்காதே? பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இருவரும் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தார்கள். அவர்கள் கையில் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்? அவரவர் நிலையிலிருந்து தொடங்கியதால் நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்டவிலக்க அளவு (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் அலகு) முன்னேற்றம் வந்தது. கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண்.

சாக்பீஸ்

தம்பி, அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். மீதியையும் சொல்லுங்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்த பயிற்சி மையத்தில் பிள்ளைகள் ஒரு நாளில் இருந்தது 90 நிமிடம். அதில் 45 நிமிடம்தான் கணினி; மீதி 45 நிமிடம் சிறு குழுவாக ஒரு ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அதோடு, பள்ளி நடத்தும் வகுப்புத் தேர்வில் கணக்கு மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை. மென்பொருள் கீழ் வகுப்புப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது, பள்ளி ஆறாம் வகுப்புக் கேள்வியைக் கேட்டது. மீனா சிஸ்டருக்கு வரப்போகும் சிக்கலும் இதுதான்.

கிண்டி_மாணவன்

மீனா ஆன்ட்டியின் சந்தேகத்துக்குக் கணக்கிலேயே அடிப்படை இருக்கிறது. தொடக்கத்தில் ஆளைப் பற்றி ஒன்றுமே தெரியாது, அதனால் முதல் சில பதில்கள் மதிப்பை ஏகத்துக்குத் தூக்கும், இறக்கும். அது சரியாகிவிடும் என்றுதான் ஓஎம்ஆர் அண்ணா சொல்வார். ஆனால் பிள்ளை மனம் உடைந்துவிடக் கூடாது என்று, எளிதில் விடை வரக்கூடிய கேள்வியாகவே பொறுக்கிக் கொடுக்கும்படி அமைத்திருந்தால்? சுலபமான கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் மென்பொருளுக்குப் புதிதாக ஒன்றும் தெரியவராது. எதிர்பார்த்ததுதானே வந்தது! அப்படியானால் பையன் அடிமட்டத்திலிருந்து ஏற ரொம்ப நாளாகும்.

ஓஎம்ஆர்_வாசி

கிண்டி சொல்வது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் நன்றாக எழுதிய மென்பொருள் அவ்வப்போது ஒரு கடினமான கேள்வியை விட்டு ஆழம் பார்க்கும். மோசமாக எழுதியதை வைத்து முறையையே குறை சொன்னால் எப்படி?

சாக்பீஸ்

முறையையேதான் குறை சொல்கிறேன். நான் வியாசர்பாடிப் பக்கம் ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் ஒரே ஒரு போன். அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் அது பிள்ளை கைக்கு வரும். அக்கா கணக்குப் போடுவாள். நடுவில் தம்பி பிடுங்கித் தட்டுவான். அழைப்பு வந்தால் போன் மறுபடி அப்பாவிடம் போகும், கேள்வி பாதியில் நிற்கும். பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் சில ஆப்கள் கணக்கில் எடுக்கின்றன. அழைப்பு பேசிய பத்து நிமிடமும் அந்தப் பெண் யோசித்த நேரமாகவே பதிவாகும். பத்தாவது படிக்கும் அண்ணன் பாவம் பார்த்து நாலு கணக்குப் போட்டுக் கொடுத்தால், மறுநாள் அவளுக்கு எட்டாத கேள்வியாக வரும். அழுதுகொண்டே வந்து "மிஸ், போன் என்னைத் திட்டுது" என்றாள் ஒருத்தி. ஒரு போனுக்கு ஒரே ஆள் என்று நினைப்பவர்கள் எழுதிய மென்பொருளுக்கு எங்கள் தெருவைப் பற்றி என்ன தெரியும்?

ஓஎம்ஆர்_வாசி

டீச்சர், ஆளுக்கொரு ப்ரொஃபைல் வைக்கலாம். தட்டும் வேகம் திடீரென்று மாறினால் வேறு ஆள் என்று சந்தேகப்பட்டு அந்தப் பதிலை ஒதுக்கிவைக்கவும் முடியும்.

சாக்பீஸ்

போனைப் பிடுங்குகிற தம்பி முதலில் தன் ப்ரொஃபைலுக்கு மாறிவிட்டுத்தான் தட்டுவானா?

கோட்டூர்புரத்தான்

ஓய்வுபெற்றவன் நான், இரண்டு வார்த்தை. 2010இல் திறந்ததிலிருந்து அண்ணா நூற்றாண்டு நூலகம் போய்வருகிறேன். அலமாரி எனக்கும் அதேதான், பக்கத்தில் நிற்கும் யுபிஎஸ்சி பையனுக்கும் அதேதான். தேடாத புத்தகம் கையில் தட்டுப்படும். என் டேப்லெட்டோ நான் மும்பையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இந்தியில் விளம்பரம் காட்டுகிறது. இதற்குப் பெயர் ஆளை அறிவதா?

ஓஎம்ஆர்_வாசி

சார், அது ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்புக்குக் கிடைக்கும் எண்) வைத்துப் போடும் குத்துமதிப்பு. மொபைல் இணையத்தில் உங்கள் இணைப்பு வேறு ஊர் வழியாக வெளியேறினால் அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவீர்கள். மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றினால் கொஞ்சம் தேவலை. எழுத்தைப் பெரிதாக்குவது, இருட்டுத் திரை, அசைவைக் குறைப்பது எல்லாம்கூட ஆளுக்குத் தக்கபடி மாறுவதுதான். அதில் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கோட்டூர்புரத்தான்

எழுத்தைப் பெரிதாக்கியது நான். என்னைக் கேட்காமல் அதுவாகச் செய்ததைத்தான் சொல்கிறேன்.

கிண்டி_மாணவன்

கேட்காமல் செய்வது மட்டுமா, சேர்த்தும் வைக்கிறார்கள். 2006இல் நெட்ஃபிளிக்ஸ் தன் பரிந்துரையைப் பத்து சதவீதம் மேம்படுத்துபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று போட்டி வைத்து, பார்வையாளர்கள் படங்களுக்குக் கொடுத்த பத்துக் கோடி மதிப்பீடுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டது. நம் சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும் அவருடன் ஆய்வு செய்த விட்டாலி ஷ்மாட்டிகோவும், ஒருவர் மதிப்பிட்ட சில படங்களும் தோராயமான தேதிகளும் தெரிந்தாலே அந்தக் குவியலில் ஆளைப் பிடித்துவிடலாம் என்று 2008 கட்டுரையில் காட்டினார்கள். தனியுரிமை வழக்கு வந்து, அடுத்த போட்டியை 2010இல் கைவிட்டார்கள். சினிமா ரசனைக்கே அந்தப் பாடு. ஒரு பிள்ளை எந்தக் கணக்கில் எத்தனை தடவை தடுமாறியது என்ற பதிவு எத்தனை வருடம் யாரிடம் கிடக்கும்?

ஓஎம்ஆர்_வாசி

அதற்குச் சட்டம் வந்தாயிற்றே. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் நடத்தையைக் கண்காணிக்கவோ அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது என்கிறது.

கிண்டி_மாணவன்

விலக்கு கொடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது அண்ணா.

மீனா_வேளச்சேரி

சட்டம் கிடக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை. அப்போது என் மகன் ஐந்தாவது படித்தான், வேறொரு ஆப். இணைப்பு வந்ததும் முதலில் வந்தது "உன்னைக் காணோமே!" என்று அழுகிற பொம்மை. திறந்தால், முடித்த பாடங்களெல்லாம் பாதியாகக் காட்டின.

ஓஎம்ஆர்_வாசி

அந்தப் பொம்மையைப் போட்டது விற்பனைப் பிரிவு ஆட்களாக இருக்கும், அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். பாடம் பாதியானது வேறு. படித்ததை நாள் ஆக ஆக மறக்கிறோம் என்று 1885லேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னைத்தானே சோதித்து எழுதிவிட்டார். இடைவெளி விழுந்தால் மறந்திருக்கும் என்று கணித்துத் திருப்பக் கேட்பது நல்ல விஷயம் மேடம்.

சாக்பீஸ்

திருப்பக் கேட்கட்டும். ஏன் கேட்கிறோம் என்று பிள்ளையிடம் சொல்லட்டுமே! 2022இல் வந்த தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். எந்தப் பிள்ளை எதில் என்று எனக்குத் தெரியும், அம்மா வந்து கேட்டால் காரணம் சொல்வேன். காய்ச்சல் அடித்த அன்றைக்குச் சொன்ன பதிலை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். உங்கள் ஆப்பில் நிலையும் தெரியாது, காரணமும் தெரியாது, மாற்றவும் முடியாது. கேள்வி மாறுவதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த மூன்றையும் வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள்.

ஓஎம்ஆர்_வாசி

நிலையும் காரணமும் காட்டலாம். மாற்றும் பட்டனில்தான் சிக்கல். நாற்பது பிள்ளைகளையும் தினமும் பார்த்துப் பார்த்து மாற்ற ஆசிரியருக்கு நேரம் இருக்காது, அந்தக் குறைக்காகத்தான் மென்பொருளே வந்தது. பெற்றோரிடம் கொடுத்தாலோ எல்லாரும் ஒரே இரவில் மேலே தள்ளுவார்கள். ஏழாவது பிள்ளைகள் ஐஐடி கோச்சிங் கேள்வியில் விழிபிதுங்குவார்கள்.

சாக்பீஸ்

நாற்பதையும் மாற்றவேண்டாம். தப்பாக உட்கார்ந்திருக்கும் மூன்று நான்கு பேரை மாற்றினால் போதும், அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

மீனா_வேளச்சேரி

நாளைக்கே பள்ளியில் போய் நிலைத் தேர்வை மறுபடி வைக்கச் சொல்லப்போகிறேன். ஓஎம்ஆர் சார், நீங்கள் பயப்படுகிற அந்தப் பெற்றோர் நான்தான். பட்டனைக் கொடுத்தால் அழுத்தத்தான் செய்வேன்.